நீத்தார் தீயும் நம் முன்னோர் பெயரும்

நீத்தாரை நினைந்து நெருப்பு வளர்க்கும் வழக்கம் உலகில் பல இனத்தாரிடம் உண்டு. ஜப்பான் நாட்டில் கியோத்தோ நகரத்தார் ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் இரவில் ஐந்து மலைகளின்மேல் பெருந்தீ மூட்டித் தம் முன்னோரின் ஆவியை வழியனுப்பி வைக்கின்றனர். இதனை நூல்களில் படிக்கும் நம் இளைஞர் வியப்படைகின்றனர். ஆயின் மாண்டோரை நினைந்து அழுது, அழுத அன்று மாலையே தீயில் இறங்கும் விழாவொன்று நம் தொண்டை மண்டலத்தில், நம் வாயிற்படியிலேயே, பன்னெடுங்காலமாக நடந்து வருகிறது. திரௌபதியம்மன் கோயில்களில் நிகழும் படுகளமும் தீமிதியுமே அவ்விழா. இதனை நேர்த்திக்கடன் என்றும் வேடிக்கை என்றும் மட்டும் கண்டு பழகிவிட்டோம். இதன் வரலாற்றையும், இவ்விழாவில் நம் மக்கள் நின்ற இடத்தையும், நிற்கவிடப்படாத இடத்தையும் நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் எழுதுவது பொருந்தும் எனக் கருதினோம்.

ஏனாத்தூரைச் சுற்றியும், உத்திரமேரூர், காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டங்களிலும் பங்குனி பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் கொடியேறும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து எனப் பல நாள்கள் விழா தொடரும். சில ஊர்களில் பத்து நாள், சில ஊர்களில் பதினெட்டு நாள். அந்நாள்களில் எம் பள்ளியில் முற்பகல் வகுப்புகளில் பாதிப் பிள்ளைகள் உறங்கி வழிவர். முதல்நாள் இரவு அவர்கள் கண்ட துகிலுரிதலும் கர்ண மோட்சமும் விடியும்வரை நீண்டிருக்கும் என்பதை அறிந்த ஆசிரியர்கள் அவர்களைக் கடிந்துகொள்வதில்லை.

பாரதம் படிக்கும் வழக்கம் நம் பகுதிக்கு நேற்று வந்ததன்று. காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் ஊர்க் கோயிலுக்குப் பல்லவ வேந்தன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த செப்பேட்டில், கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்போருக்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தது. பின்னர் வில்லிபுத்தூரார் பாடிய தமிழ்ப் பாரதம் பிரசங்கிகளின் கைநூலாயிற்று. கூத்தர்களும் அதனின்று எடுத்தும் அதனோடு கூட்டியும் தம் ஆட்டங்களை அமைத்துக்கொண்டனர்.

விழாவின் முடிமணி படுகளம். கோயிலுக்கு எதிரே உள்ள திடலில் களிமண்ணால் துரியோதனன் உருவை மல்லாந்து கிடக்கும் நிலையில் பெரிதாகச் செய்வர். முப்பது நாற்பது அடி நீளம் உள்ள உருவங்களும் உண்டு. விடிந்தபின் கூத்தர்கள் வேடத்தோடு அவ்வுருவின்மேல் ஏறி நின்று பதினெட்டாம் போரை ஆடுவர். வீமன் கதையால் துரியோதனன் தொடையைப் பிளக்க, அங்கே புதைத்து வைத்த செந்நீர் வெளிப்படும். அதனைத் தொட்டு அம்மனின் விரித்த கூந்தல் முடிக்கப்படும். இந்த அளவில் விழா சபதம் நிறைவேறியதைக் கொண்டாடுவதாகவே தோன்றும்.

ஆனால் படுகளத்தில் வெற்றி முழக்கத்தைக் காட்டிலும் ஒப்பாரியே மிகுதி. மக்களை இழந்த காந்தாரி வந்து அழுகிறாள். இரவில் உறக்கத்தில் கொல்லப்பட்ட இளம்பஞ்சபாண்டவர்களுக்காக அழுகை எழுகிறது. களப்பலியான அரவானுக்காக அழுகை எழுகிறது. வேடக்காரர் அழத் தொடங்கினாலும், சிறிது நேரத்தில் கூட்டத்தில் நிற்கும் பெண்கள் தத்தம் வீட்டில் இறந்தோரை எண்ணித் தாமும் அழத் தொடங்குவதை எவரும் காணலாம். அரவான் பெயரைச் சொல்லி அழும் தாய், ஏரியில் மூழ்கிய தன் மகனையும் கூடவே அழைக்கிறாள். ஆகவேதான் இதனை நீத்தார் விழா என்கிறோம். இதிகாசத்தில் மடிந்தவர்களைச் சாக்காக வைத்து ஊரார் தம் வீட்டு மரணங்களை ஊர் நடுவில் சொல்லி அழுவதற்கு வாய்த்த ஒரே நாள் இது. அழுது முடித்த மாலையில் தீக்குழி. மஞ்சளாடையும் கையில் காப்பும் பூண்டவர்கள் கரகத்தின் பின்னே வந்து தணலில் நடந்து, குழியின் முடிவில் உள்ள பால்குழியில் கால் நனைப்பர். அதன்பின் தருமர் பட்டாபிசேகத்தோடு கொடியிறங்கும். அழுகை, நெருப்பு, பின் முடிசூட்டு என்னும் இவ்வரிசை ஆழ்ந்து எண்ணத்தக்கது.

தணலில் நடப்போர் கால் வேகாதது ஏன் என்று மாணவர் கேட்பதுண்டு. வெந்து நீறு பூத்த கரி வெப்பத்தை விரைந்து கடத்தாது; நடப்போரின் பாதம் ஒவ்வோர் அடியிலும் ஒரு நொடிக்கும் குறைவாகவே தணலைத் தொடுகிறது. 1935இல் இங்கிலாந்தில் குடா பக்சு என்னும் காசுமீர இசுலாமியரை அறிஞர்கள் முன்னிலையில் தீக்குழியில் நடக்கச் செய்து ஆராய்ந்தனர். அவர் பாதம் புண்படவில்லை. நம் நாட்டில் திராவிடர் கழகத்தார் கடவுள் மறுப்பு முழக்கத்தோடு தீ மிதித்துக் காட்டினர். தயங்கி நின்றவர்க்கும் தடுக்கி விழுந்தவர்க்கும் புண் ஏற்படுவதும் உண்டு. நடப்பவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்பதைத் தணல் கேட்பதில்லை. கேட்டவர்கள் குழியைச் சுற்றி நின்ற மனிதர்களே.

இனி நம் மக்கள் நின்ற இடத்தைப் பார்ப்போம். பறையில்லாமல் கொடியேற்றம் இல்லை; பறையை அடித்தவர் நம்மவர். பல ஊர்களில் தீக்குழிக்கு விறகு வெட்டியதும், கட்டை சுமந்ததும், குழி தோண்டியதும், படுகளத்துக்கு மண் குழைத்ததும் சேரியின் கடமையாக இருந்தன. ஊரில் இறந்தவர் வீட்டுக்குச் சாவுச் செய்தி சொன்னதும், பறை முழக்கியதும், சுடலையில் இரவெல்லாம் தீ அணையாமல் காத்ததும் நம்மவரே. வாழ்வோரின் விழாத் தீக்கும் மாண்டோரின் ஈமத் தீக்கும் நாம் காவல். ஆனால் அம்மன் கருவறையை நோக்கிச் செல்லும் வழியில் நமக்கென்று ஒரு கோடு இருந்தது. அக்கோட்டுக்கு இப்பால் நின்றே நாம் கற்பூரம் காட்டினோம்.

இதில் ஒரு செய்தி எம்மைப் பலகாலம் சிந்திக்க வைத்தது. திரௌபதியம்மன் கோயில்களில் அம்மனுக்குக் காவலாகப் போர்மன்னனோடு முத்தால ராவுத்தர் என்றொருவர் இருக்கிறார். பெயரே காட்டுவதுபோல் அவர் இசுலாமியக் குதிரை வீரர். வேற்றுச் சமயத்தவர் ஒருவர்க்குக் கோயிலின் எல்லைக்குள் இடமளித்து, அவருக்குரிய படையலும் படைக்கத் தெரிந்த ஊர், தனக்கு விறகு வெட்டிக் கொடுத்தவனுக்கு இடமளிக்கத் தயங்கியது. பகைவனையும் காவலனாக ஏற்கும் பெருந்தன்மை அவ்விழாவின் கதையில் இருந்தது. ஊரின் நடப்பில் அது வளரவில்லை. இந்நிலையில் நம் முன்னோர் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் கூற வேண்டும். பல சேரிகளில் தமக்கெனப் பாரதக் கூத்து வைத்தனர். தாமே படுகளம் அமைத்தனர். தாமே வேடம் கட்டினர். அடவும் பாட்டும் எவரிடமும் கடன் வாங்கியவை அல்ல.

இத்தீ கடல் கடந்தும் சென்றது. 1834 முதல் மொரீசியசு தீவுக்கும், பின்னர் ரீயூனியன், நேட்டால், பிஜி ஆகிய நாடுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் கப்பலேறினர். 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் நேட்டாலின் தர்பன் துறையை அடைந்தது. அக்கப்பல்களின் பயணியர் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், மாவட்டம், சாதி எனக் கட்டங்கள் போட்டு எழுதினர். அவற்றில் நம் சாதிப் பெயர் எழுதப்பட்டவர் ஏராளம். கரும்புத் தோட்டங்களில் அவர்கள் மரத்தாலும் தகரத்தாலும் எழுப்பிய கோயில்களில் திரௌபதியும் மாரியும் குடியேறினர். தீக்குழியும் உடன் வந்தது. ரீயூனியனிலும் மொரீசியசிலும் தென்னாப்பிரிக்காவிலும் இன்றுவரை தீமிதி நடக்கிறது. சிங்கப்பூரில் 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயிலில், தீபாவளிக்கு முன்பாகச் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடந்து வந்து பல்லாயிரவர் தீ மிதிக்கின்றனர். சிங்கப்பூர்த் தீமிதியை நாளிதழில் படிக்கும் நம் ஊரார், அத்தீயை அயல்நாடுகளுக்குக் கொண்டு சென்ற கால்களில் எத்தனை நம் சேரிக் கால்கள் என்பதை எண்ணுவதில்லை.

இவ்விடத்தில் கியோத்தோ நகரத் தீயைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். ஏனெனில் அதன் வேர் நம் நாட்டுப் பௌத்தத்தில் உள்ளது. அதன் கிளையொன்றில் நம் துயரை ஒத்த துயரும் உள்ளது.

புத்தரின் மாணவரான மொக்கல்லானர் தம் தாய் பசித்த பேயாகத் துன்புறுவதைக் கண்டார். அவர் ஊட்டிய சோறு தாயின் வாயருகே சென்றதும் நெருப்பாயிற்று. மழைக்காலத் தவம் முடிந்த துறவியர்க்கு உணவளித்தால் அப்புண்ணியம் தாய்க்குச் சேரும் எனப் புத்தர் வழி கூறினார். உல்லம்பன சூத்திரம் என்னும் நூல் கூறும் இக்கதையே சீனம் வழியாக ஜப்பானுக்குச் சென்று ‘ஓபோன்’ என்னும் நீத்தார் விழாவாயிற்று. ஏழாம் நூற்றாண்டிலேயே அங்கு அரசவையில் அது நடைபெற்றது. அதே நூற்றாண்டில், ஏறத்தாழ 640இல், சீனத் துறவி யுவான் சுவாங் நம் காஞ்சி மாநகருக்கு வந்து அங்கிருந்த பௌத்தப் பள்ளிகளைக் கண்டெழுதினார். மணிமேகலை தன் வாழ்வின் இறுதிப் பகுதியில் அறங்கேட்க வந்து சேர்ந்ததும் இக்காஞ்சியே. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கி நம் மக்களைப் பௌத்தத்தின் பக்கம் திருப்பியபோது, அவர் புதிய சமயத்துக்கு அழைக்கவில்லை, பழைய வீட்டுக்கே அழைத்தார் என்பதற்கு இவையெல்லாம் சான்று.

ஓபோன் நாள்களில் முன்னோர் வீட்டுக்கு வருவதாக ஜப்பானியர் நம்புகின்றனர். அவர்கள் திரும்பிச் செல்ல வழிகாட்டும் தீயே கியோத்தோ மலைத் தீ. 16ஆம் நாள் இரவு 8 மணிக்குக் கிழக்கு மலையில் ‘பெரிய’ என்னும் பொருளுடைய எழுத்து நெருப்பால் எரியும். அவ்வெழுத்தின் முதல் கோடு 80 மீட்டர், இரண்டாவது 160 மீட்டர், மூன்றாவது 120 மீட்டர். மொத்தம் 75 தீ மேடைகள். அடுத்தடுத்து மற்ற மலைகளிலும் எழுத்தும் படகும் கோயில் வாயிலும் தீயுருவாய்த் தோன்றும். இவற்றைவிட எம் மனத்தைத் தொட்டது விறகு பற்றிய செய்தி. முதல்நாளும் அன்றும் மக்கள் மலையடிவாரத்துக்குச் சென்று, விறகுச் சிம்பு ஒன்றில் இறந்தவர் பெயரை மையால் எழுதிக் கொடுக்கின்றனர். அவ்விறகே மலைமேல் எரிகிறது. ஆக, ஊரார் தொலைவிலிருந்து காண்பது ஓர் எழுத்தை. அதனுள் எரிவன ஆயிரக்கணக்கான தனிமனிதர் பெயர்கள்.

இரண்டாம் உலகப்போரின்போது 1943 முதல் 1945 முடியத் தீ மூட்டப்படவில்லை. 1943இல் நகரத்தாரும் பள்ளிச் சிறுவர்களும் வெள்ளைச் சட்டை அணிந்து காலையில் மலையேறி, தீயெரியும் இடத்தில் தாமே எழுத்தின் வடிவில் நின்றனராம். தீயில்லாத ஆண்டிலும் எழுத்து விடுபடக் கூடாது என்று எண்ணிய அவ்வூர் ஆசிரியர்களை நாம் போற்றுகிறோம்.

ஆனால் 2011இல் நடந்தது வேறு. அவ்வாண்டு மார்ச்சு 11இல் ஆழிப்பேரலை ஜப்பானின் வடகிழக்குக் கரையை அழித்தது. ரிக்குசென்தக்காத்தா என்னும் ஊரில் ஏறத்தாழ 70,000 பைன் மரங்கள் கொண்ட கடற்கரைத் தோப்பு அழிந்து, ஒரே மரம் எஞ்சியது. விழுந்த மரங்களைப் பிளந்து, அலையில் மாண்டோரின் பெயர்களையும் உறவினர் எழுதிய சொற்களையும் தாங்கிய 300க்கும் மேற்பட்ட கட்டைகளைக் கியோத்தோ தீயில் இடுவதாக ஏற்பாடு. புக்குசிமா அணுவுலையின் கதிர்வீச்சு அவற்றில் இருக்கலாம் என்று கியோத்தோவில் சிலர் அஞ்சினர். சோதித்ததில் கதிர்வீச்சு இல்லை எனத் தெரிந்தது. இருந்தும் அக்கட்டைகள் மறுக்கப்பட்டன. அவை தம் சொந்த ஊரிலேயே எரிக்கப்பட்டன. நாடெங்கும் கண்டனம் எழுந்தபின் வேறு 500 கட்டைகள் வரவழைக்கப்பட்டன. அவற்றின் பட்டையில் சீசியம் காணப்பட்டதால் அவையும் விலக்கப்பட்டன. பின்னதற்கு அறிவியல் காரணம் இருந்தது. முன்னதற்கு இருந்தது அச்சம் மட்டுமே. சோதனை தூய்மையென்று சொன்ன பிறகும் விலகாத அச்சத்துக்கு நம் மொழியில் தீட்டு என்று பெயர். இறந்தவர் பெயர்மீதே தீட்டுக் கற்பிக்க முடியும் என்பதை நாம் புதிதாக அறிய வேண்டியதில்லை.

ஜப்பானிலும் அறிய வேண்டாதவர் உண்டு. விலங்கு உரித்தல், தோல் பதனிடுதல், பிணம் அடக்குதல் முதலிய தொழில்களைச் செய்ததால் ஒதுக்கப்பட்ட புராக்கு மக்கள் அந்நாட்டில் தனிக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். 1871இல் அரசாணை ஒன்று அவர்களைச் சட்டப்படி சமமாக்கியது. ஊர் வழக்கம் அவ்வாணையைக் கேட்கவில்லை. 1922 மார்ச்சு 3ஆம் நாள் அவர்கள் திரண்டு சூயிகெய்சா என்னும் சமன்மை இயக்கத்தைத் தொடங்கினர். தொடங்கிய இடம் அதே கியோத்தோ நகரம். ஜப்பானியப் பௌத்தத்தில் இறந்தவர்க்குத் துறவியர் புதுப்பெயர் சூட்டி அதைக் கல்லில் பொறிப்பர். புராக்கு மக்கள் இறந்தால் சில கோயில்களில் ‘விலங்கு’, ‘இழிந்த’ எனப் பொருள்படும் எழுத்துகளைச் சேர்த்துப் பெயரிட்டு, அதைக் கல்லறையிலும் பொறித்து வைத்தனர். எழுதப் படிக்கத் தெரியாத உறவினர் அக்கல்லின் முன் தலைமுறை தலைமுறையாக மலர் வைத்து வணங்கினர். 1979இல் அமெரிக்காவில் பிரின்சுடன் நகரில் நடந்த உலகச் சமய மாநாட்டில், சோட்டோ ஜென் பிரிவின் தலைமைப் பொறுப்பாளர் ஒருவர் தம் நாட்டில் அத்தகைய வேற்றுமையே இல்லை என்று பேசினார். புராக்கு அமைப்பினர் அதனை எதிர்த்துக் கல்லறைகளையே சான்றாகக் காட்டினர். அப்பிரிவு தவற்றை ஒப்புக்கொண்டு, கோயில் ஏடுகளை ஆராய்ந்து, இழிபெயர்களை மாற்றும் பணியை மேற்கொண்டது. கல்வியின் பயன் யாது என்று நம் சங்கக் கூட்டங்களில் கேட்போர்க்கு இதனினும் தெளிவான விடை கிடைப்பது அரிது. தம் பாட்டன் கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகள் வந்த பிறகே அந்த எழுத்து மாறிற்று.

நம் முன்னோர்க்கு இழிபெயர் பொறித்த கல்லும் இல்லை, கல்லே இல்லை. நாம் வாழும் உத்திரமேரூர், பெயர் எழுதும் கலைக்கு உலகப்புகழ் பெற்ற ஊர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தனர். இதனை மக்களாட்சியின் முன்னோடி என்று பள்ளியில் நாமே கற்பிக்கிறோம்; கற்பிக்கத்தக்கதே. எனினும் அது பிரமதேய ஊரின் சபை. வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி என்பன தகுதிகள். அக்குடத்துள் நம் முப்பாட்டன் பெயர் விழுந்திருக்க வழியில்லை என்பதையும் சேர்த்துக் கற்பிப்பதே வரலாற்றுக்கு நேர்மை. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் நம்மவர் வருகின்றனர். எவ்வாறெனின், வரி நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் பறைச்சேரி, தீண்டாச்சேரி, பறைச்சுடுகாடு என இடப்பெயராக வருகின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சுடுகாடு வேறு. அங்கு எரிந்த தீயும் வேறு. எரிந்தவர் பெயர் இல்லை.

நம் மாவட்டத்தில் நம்மவர் பெயர்கள் அரசுப் பதிவேட்டில் கூட்டமாக ஏறிய காலம் ஒன்று உண்டு. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்கீர் 1891இல் இம்மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி விரிவான அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமின்றி, மிராசுதாரர் வெளியேறச் சொன்னால் வெளியேற வேண்டிய நிலையில் அவர்கள் வாழ்ந்ததை அது எடுத்துரைத்தது. அதன் பயனாக 1892இல் சென்னை அரசு பிறப்பித்த ஆணையின்படி ஒதுக்கப்பட்ட நிலங்களே பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுவதும் சேர்த்து அவை 12 லட்சம் ஏக்கர் என்பர். பிறர்க்கு விற்கலாகாது என்னும் விதி இருந்தும் அவற்றில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. ஆயினும் பழைய நிலப் பதிவேடுகளைப் புரட்டினால், நம் கொள்ளுப்பாட்டனாரின் பெயர்கள் தந்தை பெயரோடு அங்கே உள்ளன. கோயிலில் இல்லாத பெயர் நிலப் பதிவேட்டில் இருக்கிறது. அந்நிலத்தை மீட்கச் செங்கற்பட்டுப் பகுதியில் காரணை என்னும் ஊரில் எழுந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1994 அக்டோபர் 10ஆம் நாள் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசு, ஏழுமலை என்னும் இருவர் உயிர்நீத்தனர். அவ்விருவர் பெயரும் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றன.

நெருப்பைப் பற்றி எழுதும்போது வெண்மணியைக் கூறாமல் கடக்க இயலாது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அந்நாளைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் ஒடுங்கியிருந்தபோது அது கொளுத்தப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் எரிந்தனர். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் திரண்டு அங்கு அஞ்சலி செலுத்துகின்றனர். நினைவிடத்தில் 44 பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. டிசம்பர் 6ஆம் நாள் மும்பைத் தாதர் கடற்கரையில், 1956இல் அண்ணல் அம்பேத்கர் எரியூட்டப்பட்ட இடத்தில், இலட்சக்கணக்கானோர் மெழுகுவத்தி ஏந்தி நிற்கின்றனர். நம் மக்கள் தாமே படைத்துக்கொண்ட நீத்தார் தீ இவை. எவரும் கோடு கிழிக்காத தீ.

கோடு கிழித்த பழைய தீயின் கதை இன்னும் முடியவில்லை. 1939 சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயருடன் கக்கன் முதலியோர் நுழைந்தனர். 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது. 1950இல் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இவ்வளவுக்கும் பின்னர், 2023 ஏப்ரலில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தருமராசா திரௌபதியம்மன் கோயில் திருவிழாவின்போது உள்ளே சென்ற ஆதிதிராவிட இளைஞர் தாக்கப்பட்டார். பேச்சுகள் பயன்தராமல் 2023 சூன் 7ஆம் நாள் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். உயர்நீதிமன்ற ஆணையால் 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில், காவல்துறைப் பாதுகாப்போடு, நம் மக்கள் உள்ளே சென்று வழிபட்டனர். அவ்வழிபாடு சில நிமிடங்களே நீடித்திருக்கும். அதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின என்பதைவிட, அது 2025இல் நடந்தது என்பதே நம்மை அதிகம் வருத்துகிறது. நம் பகுதியில் நிலைமை பல ஊர்களில் மாறியிருக்கிறது. நம் பிள்ளைகள் காப்புக் கட்டித் தீ மிதிக்கும் ஊர்களும் உண்டு. பறை அடிப்பதைக் கடமையாக ஏற்க மறுத்து, கலையாக ஏற்று மேடையேறும் இளைஞரும் உண்டு. கோயிலுக்குள் செல்வதில் நமக்கு ஆர்வம் வேண்டுமா என்று கேட்கும் பகுத்தறிவாளர் கேள்வியும் நியாயமானதே. செல்வதும் செல்லாமையும் நம் விருப்பமாக இருக்க வேண்டும் என்பதே எம் விடை.

இனி நம் சங்கத்துச் செய்தி ஒன்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மாலை வகுப்புகளைத் தொடங்கியபோது எழுதிய முதல் சேர்க்கைப் பதிவேட்டை அண்மையில் எடுத்துப் பார்த்தோம். மாணவர் பெயர், தந்தை அல்லது தாய் பெயர், தொழில், ஒப்பம் என நான்கு பத்திகள். தொழில் பத்தியில் பெரும்பாலும் ‘கூலி’. ஒப்பப் பத்தியில் பெரும்பாலும் கைநாட்டு. கைநாட்டிட்டவர்களில் பலர் இன்று இல்லை. அன்று அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கித் தந்தவர்களும், தம் திண்ணையை வகுப்புக்கு விட்டவர்களும் அவர்களுள் உண்டு. அவர்கள் எவர்க்கும் கல் இல்லை, படம் உள்ளவர்களும் சிலரே. இப்பதிவேட்டில் மட்டும், கைரேகைக்கு அருகே, ஆசிரியர் கையெழுத்தில் அவர்கள் பெயர் முழுமையாக இருக்கிறது.

வெள்ளிவிழா நாளன்று மாலை, சங்கக் கட்டடத்தின் முன் அகல்விளக்கு ஏற்றி அப்பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பதென முடிவு செய்துள்ளோம். வாசிப்போர் அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகவே இருப்பர். பதிவேட்டின் சில பக்கங்கள் கரையான் அரித்துச் சிதைந்துள்ளன. பெயர் விடுபட்டோர் இருப்பின், அவர்தம் உறவினர் முழுப்பெயரையும் தந்தை பெயரையும் தெளிவாக எழுதிச் செயலாளரிடம் சேர்ப்பிக்குமாறு வேண்டுகிறோம்.